தடை நீங்கிய பின் இருதயத் தசை

இருதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியே நம் சரீரமெங்கும் இரத்தத்தைப் பங்கிட்டளிக்கும் தலைவாய்க்கால். அது வளைந்து கீழ்நோக்கித் திரும்புமிடத்தில், கைகளுக்குரிய கிளைகள் பிரிந்த பின்னர், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நெருக்கம் அமைந்துவிடுகிறது. பிறவி இருதயக் கோளாறுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 8 வரை இவ்வகையினவே. இந்நெருக்கத்தை நீக்கிவிட்டால் இருதயம் முற்றும் நன்னிலை எய்துமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

நெருக்கத்திற்கு மேலே, தலைக்கும் கைகளுக்கும் செல்லும் இரத்தம் மிகுந்த அழுத்தத்துடனும், கீழே கால்களுக்குச் செல்வது குறைந்த அழுத்தத்துடனும் ஓடும். இத்தடையை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளுவது இருதயத்தின் இடது கீழறை. முற்காலத்தில் தருமபுரிப் பக்கத்து ஆழ்கிணறுகளில் கவலை இறைத்த எருதுகளின் கழுத்து பாரத்தினால் தடித்ததுபோல, அவ்வறையின் சுவரும் தடிக்கிறது. தடித்த தசைக்கு வலிமை உண்டு, நெகிழ்ச்சி குறைவு. இருதயத்தின் தொழிலோ சுருங்குவதோடு முடிவதன்று. ஒவ்வொரு துடிப்பிற்கும் இடையே தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்கவும் வேண்டும்.

1944-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு என்னும் வைத்தியர் நெருங்கிய பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார். மறு ஆண்டே பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் அவ்வாறே செய்தார். நம் நாட்டில் நெஞ்சறுவைக்கெனத் தனிப்பகுதி 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. இன்று மெல்லிய குழாயை உட்செலுத்தி, நெருக்கத்தைப் பலூனால் விரித்து, ஸ்டெண்ட் என்னும் உலோக வலைக்குழாய் பொருத்துவதும் உண்டு.

தடை நீங்கியபின் தசையின் தடிப்பு நாளடைவில் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் விகிதமும் பெரும்பாலோர்க்குச் சரியாகவே இருக்கிறது. ஆயினும் எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனையால் தசையின் அசைவை நுட்பமாக அளப்பின், பலர்க்கு நெடுக்குவாட்டில் சுருங்குந் திறனும், தளர்ந்து விரியுந் திறனும் சிறிது குன்றியிருப்பது புலனாகும். காரணம் யாதெனில், அறையின் உட்புறத்து இழைகள் பெரும்பாலும் நெடுக்காக ஓடுவன. அழுத்தத்தின் தீங்கை முதலில் அடைவனவும் அவையே. மேலும், பெருந்தமனியின் விறைப்பு நீடிப்பதால், ஆண்டுகள் கழிந்த பின்னும் பலர்க்கு இரத்த அழுத்தம் உயர்கிறது. சிலர்க்கு ஓடியாடும்போது மட்டும் மிகுகிறது. சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்க இக்குறைகளும் மிகும்.

ஆகவே நம் கடமை இரண்டு. முதலாவது, காலத்தில் கண்டறிதல். கால்களின் அழுத்தம் கைகளினுடையதைவிடக் குறைந்திருப்பதும், தொடையிடுக்கில் நாடி மெலிந்திருப்பதும் இந்நோயின் அடையாளங்கள். இதற்கு விரலும் அழுத்தமானியுமே போதும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் நடைபெறும் பரிசோதனை, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்க் குழந்தைகளுக்கு இவ்வாற்றால் பேருதவியாகும்.

இரண்டாவது, சிகிச்சைக்குப் பின்னும் ஆயுள் முழுதும் தவறாது பரிசோதித்துக்கொள்ளுதல். தழும்பு ஆறிவிட்டது, பிள்ளை ஓடி விளையாடுகிறான், இனி ஒரு நாட்கூலியை இழந்து தொலைவூர் செல்வானேன் என்று ஏழைப் பெற்றோர் எண்ணுதல் இயல்பே. அவர்க்கு உண்மையை இனிய சொல்லால் எடுத்துரைப்பது கற்றவர் பொறுப்பாம். நாளை ஆசிரியராகவும் செவிலியராகவும் அவ்வூர்களுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.