கல்யாணத்துக்கு மறுத்த ராணி ஓல்கா: பழிக்குப் பின்னால் இருந்த மனசு

பழிவாங்கல்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது ஆத்திரம்தான். ஆனா கீவ் நாட்டு ராணி ஓல்காவோட கதையில் ஆத்திரத்தை விட நிதானம்தான் அதிகம். அதுதான் நம்மைப் பயமுறுத்துது.

வருஷம் 945. ஓல்காவின் கணவர் இகோர், ட்ரெவ்லியர் என்ற இனத்தாரிடம் கப்பம் வசூலிச்சுட்டுத் திரும்பினார். பாதி வழியில் 'இன்னும் கொஞ்சம் வாங்கலாமே' என்று பேராசைப்பட்டு, சின்னப் படையோட மறுபடியும் போனார். அவங்க அவரைக் கொன்னுட்டாங்க. அதோட நிக்கல. 20 பேரைத் தூது அனுப்பி, 'எங்க தலைவர் மால் என்பவரைக் கல்யாணம் பண்ணிக்கோங்க'ன்னு ஓல்காகிட்டயே கேட்டாங்க!

அந்த நேரத்துல அவர் மனசு எப்படி இருந்திருக்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

முதலாவது, துக்கம். கணவரைக் கொன்னவங்களே மாப்பிள்ளை கொண்டு வர்றாங்கன்னா, 'நீ அழுவதற்குக்கூட உரிமை இல்லை' என்று சொல்ற மாதிரிதான்.

இரண்டாவது, பயம். மகன் ஸ்வியாடோஸ்லாவ் சின்னக் குழந்தை. மாலைக் கல்யாணம் செய்தால் அரசு கைமாறிடும், மகனின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது, கௌரவம். விதவைதானே என்று எளிதா நினைச்சவங்களுக்கு, அப்படி இல்லைன்னு காட்டணும்.

அதனால் அவர் 'முடியாது'ன்னு வாயால சொல்லவே இல்லை. சம்மதம் மாதிரி நடிச்சார். முதல் தூதர்களைப் படகோடு தூக்கி வரச் சொல்லி, குழியில் போட்டு உயிரோடு புதைத்தார். அடுத்து வந்தவங்களைக் குளியலறையில் வைத்து எரித்தார். மூன்றாவதா, கணவரின் சமாதியில் விருந்து வைத்து, போதையில் இருந்தவங்களைக் கொல்ல வைத்தார்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. படகில் வைத்துப் புதைப்பது, நீராட்டுவது, சமாதி விருந்து எல்லாமே அந்தக் காலத்து ஈமச்சடங்குகள். கணவருக்குச் செய்ய வேண்டிய சடங்கையே எதிரிகளுக்குத் தண்டனையா மாத்திட்டார். அழ விடாத துக்கம் இந்த வடிவத்துல வெளியே வந்திருக்குன்னு எனக்குத் தோணுது.

கடைசியா, இஸ்கொரோஸ்தென் நகரத்தை முற்றுகையிட்டு, வீட்டுக்கு மூணு புறா, மூணு குருவி கப்பமா கேட்டார். அவற்றின் காலில் நெருப்பைக் கட்டி விட, அவை கூடு திரும்பி ஊரையே எரிச்சதாம். இந்தக் கதைகளைச் சொல்றது 12-ம் நூற்றாண்டுத் தொடக்கத்து வரலாற்று ஏடு. அதனால கற்பனையும் கலந்திருக்கும். செத்தவங்கள்ல பெரும்பாலானோர் இகோரைத் தொட்டுக்கூட இருக்க மாட்டாங்க என்பதையும் மறக்கக் கூடாது.

அதுக்கப்புறம் ஓல்கா செஞ்சதுதான் முக்கியம். கப்பம் எவ்வளவு, எங்கே கட்டணும்னு ஒழுங்குபடுத்தினார். அதாவது நம்ம பாஷையில், ரூட் காஸைப் பிடிச்சுட்டார். கணவரைக் கொன்றது ட்ரெவ்லியர் மட்டும் இல்லை, அளவில்லாத வசூலும்தான்!

பிற்காலத்தில் கான்ஸ்டான்டிநோபிள் சக்கரவர்த்தியும் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டதா அதே ஏடு சொல்லுது. ஓல்கா அவரையே தன் ஞானஸ்நானத் தந்தையாக்கிட்டு, 'அப்பா மகளைக் கட்டலாமா?'ன்னு மடக்கினாராம். இந்த மறுப்புல ஒரு துளி ரத்தமும் இல்லை. ஏன்னா இந்தத் தடவை அவர்கிட்ட யாரும் எதையும் பறிச்சிருக்கல.