பள்ளித் தமிழும் கலாசாலை ஆங்கிலமும்

தென்காசி ஜில்லா திருவேங்கடம் போன்ற ஊர்களில் தமிழில் பயின்று தேறிய மாணாக்கர் பலர், கலாசாலை புகுந்ததும் வாயடைத்துப் போகின்றனர். பள்ளியில் ஆசிரியர் வினவ, இவர்கள் விடை பகர்ந்தனர். கலாசாலையிலோ ஆங்கிலப் பிரசங்கத்தை எழுதிக்கொள்வதே படிப்பாகிறது. குறைந்தது அறிவன்று, மாறியது பாஷையே.

1960-ல் கோயமுத்தூர் சர்க்கார் கலைக் கலாசாலையில் பி.ஏ. வகுப்பைத் தமிழில் தொடங்கினர். அம்முயற்சி எல்லாக் கலாசாலைகளிலும் வேரூன்றிவிடவில்லை. சர்க்கார் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்கு 2022-லும், ஆண்களுக்கு 2024-லும் மாதம் ரூ.1000 வழங்கும் திட்டங்கள் பிறந்தன. நன்று. ஆயினும், பொருளுதவி கலாசாலை வரை கொண்டு சேர்க்குமேயன்றிப் பாடத்தை விளங்க வைக்காது.

முதற்பருவம் முழுதும் தமிழில் விளக்கி, ஆங்கிலக் கலைச்சொற்களை உடன் பயிற்றுவித்தல் வேண்டும். அதைச் செய்யாது இவர்களைத் திறமையற்றோரெனத் தள்ளுவது அநீதியென்றே நாம் கூறுவோம்.