மழை வந்தால்தான் ஆறு: ஹத்தா பள்ளத்தாக்கு

வாலிபர் சுற்றுலா என்றவுடன் துபாயில் பலரும் சொல்லும் பெயர் ஹத்தா. நகரத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். துபாய் எமிரேட்டைச் சேர்ந்ததுதான். ஆனால் தனித் துண்டாக, ஹஜர் மலைகளுக்கு நடுவே, ஓமான் எல்லையை ஒட்டி இருக்கிறது.

தாமிரபரணி போல வற்றாத ஆறு இங்கே கிடையாது. அரபியில் 'வாதி' என்று சொல்லும் கல்லோடைகள்தான். பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். மலையில் மழை பெய்தால் ஆறாகிவிடும். ஆனாலும் இம்மலைகளில் பேரீச்சந்தோப்புகள் செழித்தன. மலையடித் தண்ணீரை 'பலஜ்' என்னும் வாய்க்கால், இறைக்காமலே, சரிவிலேயே ஊருக்குக் கொண்டுவரும். முதலில் குடிக்க, பிறகு தோட்டத்துக்கு. ஓமான் கிராமங்களில் பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து முறை மாற்றினார்கள். குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிய கதையைத் தாத்தாவிடம் கேட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓமானின் ஐந்து பலஜ்களை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஹத்தா பாரம்பரிய கிராமத்தில் கல்லும் மண்ணும் பேரீச்ச ஓலையும் கொண்டு கட்டிய வீடுகளைப் பார்க்கலாம். இரண்டு பழைய காவல் கோபுரங்கள் ஊரைப் பார்த்து நிற்கின்றன. அணை நீரில் கயாக் ஓட்டலாம். மலைப்பாதையில் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். அணையை ஒட்டி 250 மெகாவாட் நீர்மின் திட்டமும் உண்டு. சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் முறை இது.

ஆனால் வாதியோடு விளையாடக் கூடாது. கீசோன் நதி சிசெராவின் சேனையை அடித்துச் சென்றதை ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். 2024 ஏப்ரலில் ஓமானின் சமத் அல் ஷானில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற வாகனத்தை வாதி வெள்ளம் அடித்துச் சென்றது. பல பிள்ளைகள் மரித்தார்கள். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, தொலைவில் மலையில் பெய்த மழை நாம் நிற்கும் ஓடைக்கு வந்துவிடும்.

அமீரகத்தில் வெள்ளம் வரும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹாம் அபராதம், 23 கரும்புள்ளிகள், 60 நாள் வாகனப் பறிமுதல் என்று 2023இல் விதி வந்தது. எனவே சுற்றுலாப் பொறுப்பாளர்கள் புறப்படுமுன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். ஓடைப்படுகையில் கூடாரம் போடாதீர்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.