மூன்று முறை நீக்கப்பட்டவருக்கு நான்காவது வேலை: பேஸ்பால் நிர்வாகியின் பாதை

காற்பந்து ரசிகர்களுக்கு மேனேஜர் என்ற சொல் புதிதல்ல. குழு தொடர்ந்து தோற்றால் முதலில் வேலை இழப்பவர் அவர்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலும் அதே பெயரில் ஒருவர் இருக்கிறார். ஆனால், அவர் அந்த இடத்திற்கு வந்து சேரும் வழியும், வேலை போன பிறகு அவருக்கு நேர்வதும் கொஞ்சம் வேறு மாதிரியானவை.

மேஜர் லீக் எனப்படும் உச்ச நிலைப் போட்டியில் அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த 30 குழுக்கள் ஆடுகின்றன. ஆக, அங்கே இருப்பதே 30 நிர்வாகி வேலைகள்தாம். ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு அநேகமாகத் தினமும் ஆட்டம் இருக்கும். இன்று யார் ஆடுவது, யாருக்குப் பின் யார் மட்டை பிடிப்பது, களைத்துப்போன பந்து வீச்சாளரை எந்த நேரத்தில் வெளியே அழைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் நிர்வாகி. ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் அவர் கையில் இல்லை. அது பொது நிர்வாகி என்ற இன்னோர் அதிகாரியின் பொறுப்பு. கொடுத்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு வெற்றி பெறுவதுதான் நிர்வாகியின் பாடு.

காற்பந்து மேனேஜர் கோட்டு அணிந்து திடலோரம் நிற்பார். பேஸ்பால் நிர்வாகியோ அறுபது வயதிலும் ஆட்டக்காரர்களின் சீருடையையே போட்டுக்கொள்வார். அக்காலத்தில் குழுவில் ஆடிக்கொண்டிருந்த மூத்தவரே நிர்வாகியாகவும் இருந்ததால் வந்த வழக்கம் இது. கோனி மேக் என்பவரோ கோட்டும் டையுமாகவே அமர்ந்து, ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் குழுவை 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்கள் நடத்தினார். அவர் குழுவின் உரிமையாளர்களில் ஒருவர். தம்மைத் தாமே நீக்கிக்கொள்ள யாருக்கு மனம் வரும்!

சரி, இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? தேர்வும் கிடையாது, காற்பந்தில் இருப்பது போன்ற பயிற்றுநர் உரிமமும் கிடையாது. வெகுகாலமாக இருந்தது ஏணிப்படி முறைதான். மேஜர் லீக்கிற்குக் கீழே மைனர் லீக் என்று பல படிகள் உள்ளன. சிற்றூர்களில் சின்னத் திடல்கள், இரவெல்லாம் பேருந்துப் பயணம், குறைந்த சம்பளம். ஜிம் லேலண்ட் இந்த வழியில் வந்தவர். 1963-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த அவர், ஆட்டக்காரராக ஒரு நாள்கூட மேஜர் லீக்கிற்கு உயரவில்லை. அவர் மட்டை அவ்வளவுதான் பேசியது. 1971-இல், 26 வயதிலேயே மைனர் லீக் குழு ஒன்றை நடத்த அனுப்பப்பட்டார். பதினொரு பருவங்கள் கீழ்ப்படிகளிலேயே கழிந்தன. அதன்பின் நான்கு பருவங்கள் சிகாகோ குழுவில் துணைப் பயிற்றுநர். 1986-இல் பிட்ஸ்பர்க் குழு அவரை நிர்வாகியாக்கியபோது அவருக்கு வயது 41. 1997-இல் ஃபுளோரிடா குழுவுக்கு உலகத் தொடரை வென்று கொடுத்தார். 2024-இல் பேஸ்பாலின் புகழ் மன்றத்தில் அவர் பெயர் இடம் பெற்றது.

லேலண்ட் கேட்சராக ஆடியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பந்து வீச்சாளர் வீசும் பந்தைப் பிடிக்க, மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி இருப்பவரே கேட்சர். மற்றவர்கள் எல்லாரும் அவர் பக்கம் பார்த்து நிற்க, முழுத் திடலையும் எதிர்கொண்டு பார்ப்பவர் அவர் ஒருவர்தான். அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்று குறிப்புக் கொடுப்பவரும், வீச்சாளர் தளர்ந்துவிட்டாரா என்பதை முதலில் உணர்பவரும் அவரே. நிர்வாகிகளில் பலர் முன்னாள் கேட்சர்களாக இருப்பது இதனால்தான்.

திறமை இருந்தாலும் எல்லாருக்கும் இந்த ஏணியில் இடம் கிடைத்துவிடவில்லை. ஜாக்கி ராபின்சன் 1947-இல் நிறத் தடையை உடைத்து மேஜர் லீக்கில் ஆட வந்தார். கறுப்பினத்தவர் ஆடலாம் என்றாயிற்று, குழுவை நடத்தலாமா? 1972-இல் உலகத் தொடர் நடந்த திடலில் அவரைக் கௌரவித்தபோது, கறுப்பினத்தவர் ஒருவர் நிர்வாகியாக இருப்பதைக் காண வேண்டும் என்ற தம் ஆசையை அவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஒன்பது நாளில் காலமாகிவிட்டார். ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து குழுவின் நிர்வாகியானது 1975-இல். அவர் உறவினர் அல்லர். பெயர் ஒற்றுமை மட்டுமே. அமெரிக்காவில் வாய்ப்பு வருமுன்பே புவேர்ட்டோ ரிக்கோவின் குளிர்காலப் போட்டிகளில் பல ஆண்டுகள் குழு நடத்திப் பழகி வைத்திருந்தார் அவர். 1977-இல் கிளீவ்லாந்து அவரை நீக்கியது. ஆனால் 1981-இல் சான் ஃபிரான்சிஸ்கோவும், 1988-இல் பால்டிமோரும் அவரை மீண்டும் அழைத்தன. முதல் வாய்ப்பு நாளிதழ்களில் பெரிய செய்தியானது. உண்மையில் பெரிய செய்தி இரண்டாவது வாய்ப்புதான். தோற்ற பிறகும் அழைக்கப்படும் உரிமை அதுவரை வெள்ளையர்களுக்கே இருந்தது.

அந்த உரிமையின் பலனுக்கு ஜோ டோரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1940-இல் பிறந்த டோரியும் கேட்சராகத் தொடங்கியவர். 1971-இல் தேசிய லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். நிர்வாகியாக மைனர் லீக் படிகளில் அவர் ஏறவே இல்லை. 1977-இல் நியூயார்க் மெட்ஸ் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவரை அப்படியே நிர்வாகியாக்கினார்கள். குழு பலவீனமானது; தோல்விமேல் தோல்வி. 1981 முடிவில் நீக்கினார்கள். அடுத்து அட்லாண்டா. அங்கே 1982 பருவத்தை 13 தொடர் வெற்றிகளோடு தொடங்கி, பிரிவுப் பட்டத்தையும் பிடித்தார். ஆனாலும் 1984-இல் நீக்கினார்கள். ஆறு பருவங்கள் தொலைக்காட்சியில் வர்ணனையாளராக இருந்தார். 1990-இல் செயின்ட் லூயிஸ் அழைத்தது; 1995 ஜூனில் அதுவும் வீட்டுக்கு அனுப்பியது.

அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் யாங்கீஸ் குழு அவரை அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது 55. ஆட்டக்காரராகவும் நிர்வாகியாகவும் 4,200-க்கும் மேற்பட்ட ஆட்டங்களைக் கண்டும், உலகத் தொடரில் ஒருமுறைகூட அவர் காலடி வைத்ததில்லை. ஒன்றும் தெரியாத ஜோ என்று பொருள்படும் தலைப்புப் போட்டு நகரப் பத்திரிகை ஒன்று அவரை வரவேற்றது. குழுவின் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னரோ நிர்வாகிகளை மாற்றுவதற்குப் பேர் போனவர். பில்லி மார்ட்டின் என்ற ஒரே மனிதரை ஐந்து முறை அமர்த்தி, ஐந்து முறை அனுப்பியவர்!

1996 டோரிக்கு எளிதான ஆண்டு அல்ல. ஜூனில் மூத்த அண்ணன் ராக்கோ இறந்தார். இன்னோர் அண்ணன் ஃபிராங்க் மாற்று இருதயத்திற்காக மருத்துவமனையில் காத்துக் கிடந்தார். அக்டோபரில் யாங்கீஸ் உலகத் தொடருக்குள் நுழைந்தது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே பட்டம். எதிரே நின்றது அவரை ஒருகாலத்தில் நீக்கிய அதே அட்லாண்டா. முதல் இரண்டு ஆட்டங்களும் சொந்தத் திடலிலேயே பறிபோயின. பின்னர் அட்லாண்டாவுக்கே போய் மூன்றையும் வென்று திரும்பினார்கள். அக்டோபர் 25-இல் ஃபிராங்கிற்கு மாற்று இருதயம் கிடைத்து அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் இரவு யாங்கீஸ் நான்காவது வெற்றியையும் பெற்றது.

1998, 1999, 2000 என அடுத்தடுத்துப் பட்டங்கள் வந்தன. மூன்று குழுக்களில் நீக்கப்பட்டபோது இருந்த டோரிக்கும் இந்த டோரிக்கும் அறிவில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. கையில் கிடைத்த ஆட்டக்காரர்கள் வேறு. தோல்வியில் ஊறிய நிதானமும் உதவியிருக்க வேண்டும். நியூயார்க்கில் அது மலிவாகக் கிடைக்கும் பொருள் அல்ல. 12 பருவங்களிலும் குழு இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. ஆயினும் 2007 தோல்விக்குப் பின், அடிப்படைச் சம்பளத்தை 7.5 மில்லியன் டாலரிலிருந்து 5 மில்லியனாகக் குறைத்து, ஓராண்டு ஒப்பந்தம் மட்டும் நீட்டினார்கள். அவர் மறுத்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் குழுவுக்குச் சென்றார். 2014-இல் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.

இன்று அந்த ஏணி முன்போல் முக்கியம் அல்ல. எந்த வீச்சாளரை எப்போது மாற்றுவது என்பதற்குக் கணினிப் புள்ளிவிவரம் வந்துவிட்டது. அதை ஆட்டக்காரர்களுக்குப் பக்குவமாகச் சொல்லி ஏற்கவைக்கக்கூடிய ஆளையே குழுக்கள் இப்போது தேடுகின்றன. 2025-இல் சான் ஃபிரான்சிஸ்கோ குழு, தொழில்முறைக் குழு எதையும் நடத்தியிராத டோனி விட்டெல்லோவைப் பல்கலைக்கழகத் திடலிலிருந்து நேராக நிர்வாகியாக்கியது. யாங்கீஸில் டோரிக்குப் பின் வந்தவர், 1996-இல் அவருடைய கேட்சராக இருந்த ஜோ ஜிரார்டி. 2009-இல் உலகத் தொடரை வென்றார். 2017-இல் இன்னும் ஒரே ஒரு வெற்றி கிடைத்திருந்தால் மீண்டும் அங்கே போயிருப்பார். அந்தப் பருவம் முடிந்ததும் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் இடத்திற்கு ஆரன் பூன் வந்தார். டோரியைப் போலவே அவரும் தொலைக்காட்சி வர்ணனையாளர் இருக்கையிலிருந்து எழுந்து வந்தவர். ஆனால் அதற்குமுன் அவர் எந்தக் குழுவையும் நடத்தியதில்லை.