நாஸ் பெட்டிக்கு இணைய வாசல் தேவையா?

2021 ஜூன் இறுதியில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ சேமிப்புப் பெட்டியை வைத்திருந்த பலருக்குக் காலி ஃபோல்டர்கள்தான் மிஞ்சின. இணையம் வழியாக யாரோ அனுப்பிய கட்டளையை ஏற்று, பெட்டி தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு புதிதாக வாங்கிய நிலைக்குத் திரும்பியிருந்தது. அந்தக் கட்டளையை ஏற்கும் முன் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய வரிகள் ஃபர்ம்வேரில் இருந்தன. ஆனால் அவை வேலை செய்யாதபடி முடக்கப்பட்டிருந்தன. அந்த மாடலுக்குக் கடைசி அப்டேட் வந்ததோ 2015-ல்.

இதற்காக நாஸ் பெட்டியே, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணையும் இத்தகைய சேமிப்புப் பெட்டியே, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதே ஜூன் மாதம் கூகுள் ஃபோட்டோஸ் அளவில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தியது. 15 ஜிபி நிறைந்தால் மாதாமாதம் பணம் கட்டியாக வேண்டும். சொந்தப் பெட்டி வாங்க நினைப்பது நியாயமே. அதை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைப்பதும் எளிது. வைஃபையை நம்பாமல் ரவுட்டரில் கேபிளால் செருகினால், கிகாபிட் வேகத்தில் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் நகலெடுக்கலாம். ரவுட்டரில் அதற்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால், விண்டோஸில் இன்னொரு டிரைவ் போல நிலையாக வந்து நிற்கும். பழைய பெட்டி கண்ணில் படவில்லையே என்று எஸ்எம்பி-1 என்ற பழைய கோப்புப் பகிர்வு வசதியை மீண்டும் இயக்குபவர்கள் உண்டு. 2017-ல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதை இயக்கித்தான் தீர வேண்டும் என்றால், பெட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. வெளியூரிலிருந்து படம் பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் போர்ட் எனப்படும் வாசலைத் திறக்கிறோம். சில வீடுகளில் ரவுட்டரின் யூபிஎன்பி வசதி, உரிமையாளருக்குத் தெரியாமலே அதைத் திறந்துவிடுகிறது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர், இணையத்தில் இப்படி நேரடியாகத் தெரிந்த கியூநாப் பெட்டிகளைத் தேடிப் பூட்டி, ஒவ்வொரு உரிமையாளரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. குறிவைத்துத் தாக்கும் அளவுக்கு நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கே யாரும் குறிவைப்பதில்லை. முழு இணையத்தையும் நிரல்கள் ஓயாமல் துழாவுகின்றன. திறந்த போர்ட் எதுவானாலும் அவற்றுக்கு ஒன்றுதான். வலுவான பாஸ்வேர்டு போதாதா என்றால், பாஸ்வேர்டே கேட்காத ஓட்டைக்கு அது எப்படித் தடையாகும்?

நிறுவனமே தரும் கிளவுட் ஆப் வழியாகப் போகலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. போர்ட் திறப்பதைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்தபோது, மை கிளவுட் சேவை பல நாட்கள் முடங்கியது. தங்கள் வீட்டு அலமாரியில் இருந்த கோப்புகளையே வழக்கமான வழியில் எடுக்க முடியாமல் பலர் தவித்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய பெட்டியின் சாவி இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

அதனால்தான் விபிஎன், அதாவது இணையம் வழியே போகும் பூட்டிய தனிப் பாதை, வேண்டும் என்கிறேன். வயர்கார்டு போன்ற ஒன்றை ரவுட்டரில் அமைத்தால், உங்கள் போனும் லேப்டாப்பும் எங்கிருந்தாலும் வீட்டு நெட்வொர்க்கின் உறுப்பாகிவிடும். உரிய சாவி இல்லாமல் வருபவருக்கு அது பதிலே சொல்லாது. ஆனால் நம் நாட்டு இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி பொது ஐபி கிடையாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். அங்கே போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வீட்டை எட்ட முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற சேவை போர்ட் திறக்காமலே இரு முனைகளையும் சேர்த்துவைக்கும். அதுவும் ஒரு நிறுவனம்தானே என்றால், ஆம். ஆனால் கோப்புகள் இரு முனைகளுக்கிடையே பூட்டியபடியே போகின்றன. இடையில் நிற்பவரால் படிக்க முடியாது.

விபிஎன் இருந்தாலும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. கம்ப்யூட்டரில் புகுந்த ரான்சம்வேருக்கு, டிரைவாக இணைந்திருக்கும் நாஸும் இன்னொரு ஃபோல்டர்தான். இரண்டு டிஸ்கிலும் ஒரே பதிவை வைக்கும் ரெய்டு முறை இருந்தாலும், பூட்டப்பட்ட கோப்புதான் இரண்டிலும் பதிவாகும். நகலெடுத்ததும் கழற்றிவிடும் யுஎஸ்பி டிஸ்க் ஒன்று தனியாக வேண்டும். அவ்வப்போது அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்தும் பார்க்க வேண்டும்.