ஐடியா எங்கிருந்து வருது? பாரதியின் 10 புதுச்சேரி ஆண்டுகள் சொல்லும் பதில்

வார இறுதியில் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் ஒரு சிலர் பையில் லேப்டாப்பும் வைத்திருப்பார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு காபி, மஞ்சள் சுவர்கள், கொஞ்சம் அமைதி. "இங்க உட்கார்ந்தா ஏதாவது ஐடியா வரும்" என்ற நம்பிக்கை. இடம் மாறினால் மட்டும் கற்பனை ஊறிவிடுமா?

இதற்கான பதிலை, கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில் உள்ள ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் தேடலாம். சுப்பிரமணிய பாரதி குடியிருந்த வீடு அங்கேதான் இருக்கிறது. இன்று அது அருங்காட்சியகம்.

1908-இல் 'இந்தியா' வார இதழ் மீது பிரிட்டிஷ் அரசு நடவடிக்கை எடுத்தது. கைதாவதைத் தவிர்க்க, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார் பாரதி. அப்போது அவருக்கு வயது 25. 1918 நவம்பரில் ஊரை விட்டுக் கிளம்பியபோது 35. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு என முப்பெரும் படைப்புகளும் பிறந்தது இந்த 10 ஆண்டுகளில்தான். அப்படி அந்த ஊரில் என்ன இருந்தது?

சும்மா வந்ததா?

முதலில் ஒரு விஷயம். பாரதி வெறும் கையோடு வரவில்லை. எட்டயபுரத்தில் சிறுவனாக இருக்கும்போதே புலவர்கள் முன் பாடி 'பாரதி' பட்டம் வாங்கியவர். காசியில் சம்ஸ்கிருதமும் இந்தியும் படித்தவர். 1904-இலிருந்து 'சுதேசமித்திரன்' வேலை, பிறகு 'இந்தியா' என்று பத்திரிகை அவசரத்திலேயே எழுதிப் பழகியவர்.

ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் 1926-இல் எழுதிய நூலில், படைப்புச் சிந்தனையை 4 கட்டங்களாகப் பிரித்தார்: தயாரிப்பு, ஊறல், பளிச்சென்று தோன்றுதல், சரிபார்த்தல். மூன்றாவது கட்டம்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால், முதல் கட்டத்தில் உள்ளே எதுவும் போகவில்லை என்றால் மூன்றாவதில் வெளியே வரவும் எதுவும் இருக்காது.

ஊற நேரம் வேணும்

புதுச்சேரியிலிருந்து தொடர்ந்து வந்த 'இந்தியா', பிரிட்டிஷ் பகுதிக்குள் வரத் தடை விழுந்ததால் 1910-இல் நின்றுபோனது. வாராவாரம் பக்கம் நிரப்பும் கட்டாயம் போனது. பாரதி முத்தியால்பேட்டை மாந்தோப்புக்குப் போய் உட்கார்ந்தார். 'குயில் தோப்பு' என்று பின்னாளில் பெயர் பெற்ற இடம் அது.

வாலஸ் சொன்ன 'ஊறல்' இதுதான். பிரச்சினையை மேசையில் விட்டுவிட்டு நடக்கப் போகும்போது மனசு பின்னணியில் வேலை செய்கிறது. குளிக்கும்போதும் பைக் ஓட்டும்போதும் ஐடியா வருவது அதனால்தான். ஒவ்வொரு இடைவெளியையும் ரீல்ஸால் நிரப்பிவிட்டால் அது எப்போதுதான் ஊறும்?

கூட யார் இருந்தாங்க?

1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். மண்டயம் சீனிவாசாச்சாரியார் குடும்பம் ஏற்கெனவே அங்கே இருந்தது. எல்லோரையும் துப்பறிவோர் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களோ வேதம், ஐரோப்பிய இலக்கியம், அரசியல் என்று பேசித் தீர்த்தார்கள்.

விளைச்சலும் ஒருவருடையது மட்டும் அல்ல. ஐயர் அங்கிருந்தபடி திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் சொல்லும் 'குளத்தங்கரை அரசமரம்' கதையும் அவருடைய புதுச்சேரி நாட்களில் வந்ததே. அரவிந்தர் 1914-இல் 'ஆர்யா' இதழைத் தொடங்கினார். பாரதி வால்ட் விட்மனைப் படித்தார், வசன கவிதை எழுதிப் பார்த்தார், 1916-இல் ஜப்பானிய ஹைக்கூ பற்றித் தமிழில் எழுதினார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் கனகசுப்புரத்தினம் அவரிடம் வந்து பழகி, பாரதிதாசன் ஆனார்.

'ஃப்ளோ' என்ற கருத்தால் அறியப்படும் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, படைப்பாற்றல் என்றால் 'என்ன' என்று கேட்பதைவிட அது 'எங்கே' இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். அவர் பார்வையில் அது ஒரு தலைக்குள் மட்டும் இல்லை. தனிமனிதர், அவருடைய துறை, புதியதை ஏற்றுக்கொள்ளும் சமூகம் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் இருக்கிறது.

வறுமைதான் கவிஞனை உருவாக்கியதா?

"கஷ்டப்பட்டாத்தான் கலை வரும்" என்று சொல்பவர்கள் உடனே பாரதியைக் காட்டுவார்கள். அவர் வாழ்க்கையோ வேறு கதை சொல்கிறது. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் அச்சானது. இரண்டாம் பாகம் வெளிவந்தது 1924-இல், அவர் இறந்து 3 ஆண்டுகள் கழித்து. வறுமை அவர் எழுதியதை அச்சேற விடாமல் தடுத்தது.

1918 நவம்பரில் ஊரை விட்டுக் கிளம்பியவரைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். விடுதலைக்குப் பிறகு, 1920-இல், தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றையும் 10,000 பிரதிகள் அச்சிட ஒரு திட்டம் போட்டார். அதற்கான பணத்தைக் கேட்டு வேண்டுகோளும் அனுப்பினார். திட்டம் நடக்கவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபோது வயது 38.

சிக்சென்ட்மிஹாயி சொன்ன மூன்றில் முதல் இரண்டும் பாரதியிடம் நிறையவே இருந்தன. மூன்றாவதுதான் சரியான நேரத்தில் வரவில்லை.

அப்போ நாம என்ன செய்யலாம்?

உங்கள் துறைக்குள்ளும் வெளியிலும் நிறையப் படியுங்கள். நாளில் அரை மணி நேரமாவது போன் இல்லாமல் நடங்கள். உங்களோடு ஒத்துப்போகாத, ஆனால் நீங்கள் மதிக்கிற நாலு பேரோடு அடிக்கடி பேசுங்கள்.

டீமை நடத்துபவர் என்றால் இன்னொன்றும் உண்டு. பாரதியின் வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் பற்றி அந்தக் கால நண்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வாடகை வாங்க வருவாராம். பாரதி பாடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து கேட்பாராம். வாடகைப் பேச்சையே எடுக்காமல் எழுந்து போய்விடுவாராம்.

அவர் ஒரு வரிகூட எழுதியவர் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டுகளில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. உங்கள் டீமில் யாராவது பாதி வெந்த ஐடியாவோடு வந்தால், "டெட்லைன் என்னாச்சு?" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு 5 நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள்.