அந்த வெள்ளை மாத்திரையின் பெயர் என்ன?

"சுகருக்கு என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு மஞ்சள்" என்று பதில் வரும். கம்பெனி மாறினால் நிறம் மாறிவிடும், உள்ளே இருக்கும் மருந்து அதேதான். இது தெரியாமல் பழைய அட்டையில் மிச்சமிருப்பதையும் புது அட்டையில் இருப்பதையும் சேர்த்து விழுங்கி, ஒரே மருந்தை இரண்டு பங்காக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று மருந்துகள் ஒரே மாத்திரைக்குள் அடங்கிவரும் இந்தக் காலத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். மெட்ஃபார்மினா, கிளிமிபிரைடா என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

மருந்து வேலை செய்யும் விதம் தெரிந்தால் நேரம் தானாக நினைவில் நிற்கும்.

மெட்ஃபார்மின், கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை இரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றுப்போக்கும் வரலாம். அதனால் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே. மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அதன் வெற்றுக்கூடு சில சமயம் மலத்தில் முழு மாத்திரை போலவே தெரியும். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, பயம் வேண்டாம். பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் எல்லாவற்றையும் சர்க்கரை மேல் போடாமல் அதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு இரண்டும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்பவருக்கு வேர்த்துக்கொட்டுவது இதனால்தான். இலை போட்ட பிறகு மாத்திரையை எடுங்கள்.

வோக்லிபோஸை முதல் கவளத்தோடு சாப்பிட வேண்டும். மாவுச்சத்து குடலில் உடையும் வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். ஆகவே சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை தெரிவது இயல்பு. பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். சுத்தமும் போதிய தண்ணீரும் முக்கியம்.

லோ சுகர்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, சம்பந்தமில்லாத பேச்சு. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சரியானதும் எதையாவது சாப்பிட வேண்டும், ஏனென்றால் கிளிமிபிரைடின் வீரியம் பல மணி நேரம் நிற்கும். வோக்லிபோஸ் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அவர் குளுக்கோஸ் பவுடர் வைத்திருக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

காய்ச்சல், விரதம், அறுவை சிகிச்சை

வாந்தி, பேதி என்று படுத்திருக்கும் நாளில் வழக்கமான மாத்திரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்த வேண்டியிருக்கும். சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ, தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லி வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம்.

கிட்னி போய்விடுமா?

பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களின் முதல் காரணம் இதுதான். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை. ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும் என்பது உண்மை. அதற்காகத்தான் இ.ஜி.எஃப்.ஆர். என்ற கணக்கைப் பார்க்கிறார்கள்: 45க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே என்றால் நிறுத்திவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனை வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், யாரோ கொடுத்த சூரணப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் அவர் மேசையில் கொட்டுங்கள்.